ஃபோர் லோ போட்டும் முன் வீல் இழுக்கல, அதுக்கு முன்னாடி "டக்"குனு ஒரு சத்தம். சிவி ஷாஃப்ட் மட்டும் மாத்துனா போதுங்களா?

#1 தென்னந்தோப்பு_டீசல்

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்ப மாட்டிக்கிட்டதால எழுதறேன். வண்டி டபுள் கேப் டீசல் பிக்கப், முன்னாடி இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், பின்னாடி பட்டை ஸ்பிரிங், பார்ட் டைம் ஃபோர் வீல் (வேணுங்கறப்ப மட்டும் நாலு வீலும் இழுக்கும்). கம்பெனி பேரு வேண்டாமுங்க, வண்டி மேல கொறை சொல்ல வரல. நான் பண்ணது: முன்னாடி ஸ்பேசர் போட்டு 3 இன்ச் லிஃப்ட் (வண்டி உசரத்தக் கூட்டறது), பின்னாடி ப்ளாக் வெச்சு அதே அளவு, டயர் 245/70ஆர்16ல இருந்து 285/75ஆர்16 மட் டயர்.

போன ஞாயித்துக்கெழம பொள்ளாச்சி பக்கம் ஒரு சொந்தக்காரரு தோட்டத்துல நாலு வண்டி போனோம். ஓடையில இருந்து கரை ஏர்ற எடம், கல்லும் களிமண்ணும். மெதுவாத்தான் ஏறினேன், பாதியில "டக்", துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரே சத்தம். அதுக்கப்பறம் ஃபோர் லோல (நாலு வீலும் மெதுவா, பலமா இழுக்கற கியர்) போட்டாலும் பின் வீல் மட்டும் சுத்துது, முன்னாடி ரெண்டு பக்கமும் சும்மா நிக்குது. கயிறு கட்டி இழுத்து விட்டாங்க, டூ வீல்ல வீட்டுக்கு வந்துட்டேன், வர்ற வழியெல்லாம் எடது பக்கம் கறகறன்னு ஒரு சத்தம்.

மெக்கானிக் பாத்துட்டு எடது சிவி ஷாஃப்ட் (முன் வீலுக்கு எஞ்சின் சக்திய கொண்டு போற தண்டு) ஒடிஞ்சிருச்சுங்கறாரு. புதுசு ஒண்ணு 38 ஆயிரம் சொல்றாங்க. கேள்வி என்னன்னா ஒரிஜினலே போடறதா, இல்ல வெளிநாட்டுல இருந்து குரோமோலி (இன்னும் கெட்டியான எஃகு) ஷாஃப்ட் வரவழைக்கறதா? இன்னொண்ணு, ஒடிஞ்சது எடது மட்டும், அப்பறம் எதுக்கு வலது வீலும் இழுக்கல? அதுவும் போச்சா?

#2 மதுரை_நாலுசக்கரம்

வலது போகலண்ணே, பயப்படாதீக. ஓப்பன் டிஃபரன்ஷியல்ல (ரெண்டு வீலுக்கும் சக்திய பிரிச்சுக் குடுக்கற பல்சக்கரப் பெட்டி, சுருக்கமா டிஃப்) எந்தப் பக்கம் லேசா சுத்துதோ அந்தப் பக்கம்தான் எல்லாம் போகும். எடது ஒடிஞ்சு உள்ளுக்குள்ள சும்மா சுத்துது, அதனால வலதுக்கு ஒண்ணும் போகாது. ட்ராக்ஷன் கன்ட்ரோல் இருந்தாக் கூட ஒதவாது, அது பிரேக்க பிடிக்கிறது வீல்ல, ஒடிஞ்சது வீலுக்கு உள்பக்கம்.

ஷாஃப்டக் கழட்டிட்டு கொஞ்ச நாள் ஓட்டலாம்னு யாராவது சொன்னா ஒரு விஷயம் கவனிங்க. வெளி ஜாயிண்டோட ஸ்டப்ப (வீல் பக்க முனைத் தண்டு) ஹப்புல (வீல் மாட்டற மையம்) போட்டு நட்டு டைட் பண்ணித்தான் ஓட்டணும். நெறைய வண்டியில வீல் பேரிங்க இறுக்கிப் பிடிச்சிருக்கறதே அந்த நட்டுதான், வெறும் ஓட்டையோட ஓட்டுனா பேரிங்கும் காலி. டிஃப் பக்கம் ஓட்டையையும் அடைக்கணும், இல்லாட்டி ஆயில் பூரா ரோட்டுல.

குரோமோலி போடுங்க, ஒரே தடவ செலவு. என் ஓட்டு அதுக்குத்தான்.

#3 பட்டறைக்காரன்_58

தம்பி, புதுசு வாங்கறத அப்பறம் பேசுவோம். மூணு விஷயம் சொல்லு. ஒண்ணு, ஒடிஞ்ச முகத்த நல்லா தொடச்சிட்டு வெளிச்சத்துல பாத்து அது எப்படி இருக்குன்னு சொல்லு. ரெண்டு, ரப்பர் பூட் (ஜாயிண்ட மூடியிருக்கற உறை) எப்ப கிழிஞ்சது, ஒடிஞ்சப்பவா அதுக்கு முன்னாடியா. மூணு, முன் டிஃப் ஆயில வடிச்சு ஒரு வெள்ளத் தட்டுல ஊத்தி என்ன கலர்னு பாரு. "மெதுவாத்தான் ஏறினேன்"னு நீ சொன்னத இப்போதைக்கு நான் கணக்குல எடுத்துக்கல, கோச்சுக்காத, நாப்பது வருஷமா இதே வசனத்தத்தான் கேட்டுட்டிருக்கேன்.

#4 கணக்கு_வாத்தி

பட்டறை அண்ணன் கேட்டதுக்கு பதில் வரட்டும், அதுக்குள்ள ஒரு கணக்கு. 245/70ஆர்16 விட்டம் 749 மில்லி, 285/75ஆர்16 விட்டம் 834 மில்லி, அதாவது 11 சதவீதம் பெருசு. இதுல கீழ கிடைக்கிற உயரம் பாதிதான், 42 மில்லி. ஸ்பீடோ 90 காட்டும்போது நெசத்துல 100 போயிட்டு இருப்பீங்க, கிரவுன் பினியன் (டிஃபுக்குள்ள இருக்கற பெரிய பல்சக்கர ஜோடி) விகிதம் 4.1னா டயர் மாத்துனதுல அது 3.7 மாதிரி ஆயிருச்சு. அதான் கரையில வண்டி திணறுது, திணறுனா கால் தானா அமுத்துது.

இப்ப ஷாஃப்டுக்கு வருவோம். எஞ்சினோட முறுக்கு விசை 320 நியூட்டன் மீட்டர், முதல் கியர் சுமாரா 4, லோ ரேஞ்ச் 2.5, கிரவுன் 4.1 எல்லாத்தையும் பெருக்குங்க, 13 ஆயிரத்தத் தாண்டும். எந்த சிவி ஷாஃப்டும் இவ்வளவையும் தனியாத் தாங்காது, தாங்கவும் வேண்டாம், ஏன்னா அதுக்கு முன்னாடியே டயர் வழுக்கிரும். அந்த வழுக்கல்தான் ஷாஃப்டக் காப்பாத்துது. ஒரு வீல் மேல 600 கிலோ, கல்லு மேல பிடிப்பு 0.8னு வெச்சா பழைய டயருக்கு வழுக்கறதுக்கு முன்னாடி ஷாஃப்ட் தாங்க வேண்டியது சுமார் 1,760, புது டயருக்கு 1,960. டயர் உசரத்தால மட்டும் 200 கூட, அதுவும் நிதானமா ஏறுனா. சும்மா சுத்திட்டிருக்கற வீல் திடீர்னு கல்லப் பிடிச்சா இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, சுத்திட்டிருந்த அவ்வளவு எடையும் ஒரே நொடியில நிக்கறப்ப அந்த வேகம் முழுக்க ஷாஃப்ட் மேலதான் எறங்கும்.

#5 தென்னந்தோப்பு_டீசல்

பட்டறை அண்ணா, பதில் கொண்டு வந்திருக்கேன், திட்டாதீங்க.

ஒடிஞ்ச எடம் வெளி ஜாயிண்டுக்குப் பக்கத்துல, ஸ்பிளைன் (தண்டுல வெட்டின பல்லு) முடியற எடத்துல சர்க்ளிப் (பூட்டு வளையம்) உக்கார்ற காடி இருக்குதுங்களே, அங்க. டீசல் போட்டுக் கழுவிட்டுப் பாத்தேன். ஒரு பக்கம் நெகம் மாதிரி பிறை வடிவத்துல வழவழன்னு கருப்பா, கொஞ்சம் துரு நெறம். மிச்சப் பக்கம் கல்கண்ட ஒடைச்சு வெச்ச மாதிரி பளபளன்னு மணி மணியா இருக்கு. கருப்பு மூணுல ஒரு பங்கு இருக்கும்.

பூட்... ரெண்டு மாசம் முன்னாடி வீல் அலைன்மென்ட் பண்றப்பவே அந்தப் பையன் "அண்ணா பூட் மடிப்புல ஒரசி வெடிச்சிருக்கு"ன்னு சொன்னான். அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.

டிஃப் ஆயில் வடிச்சேன். காப்பி. பால் கொஞ்சம் தூக்கலா போட்ட காப்பி. தட்ட சாச்சா ஜிகினாத்தூள் மாதிரி மின்னுது. ட்ரெயின் போல்ட் காந்தத்துல ஒரு சின்னத் துண்டு, அரிசி குருணை அளவு, ஒரு பக்கம் பல்லு மாதிரி வளைவா இருக்கு.

#6 பட்டறைக்காரன்_58

இதத்தான் எதிர்பாத்தேன். கருப்பு பக்கம் பழைய விரிசல், அது அந்த ஞாயித்துக்கிழம வந்ததே இல்ல. காடி மாதிரி வெட்டு இருக்கற எடத்துலதான் விரிசல் பொறக்கும், ஒவ்வொரு தடவ நீ அமுத்தும்போதும் ஒரு மயிரிழை முன்னேறும். பூட் கிழிஞ்சு தண்ணி உள்ள போனதால துரு பிடிச்சிருக்கு. மூணுல ரெண்டு பங்கு ஷாஃப்ட்லதான் நீ அன்னிக்கு ஏறிருக்க. பளபளன்னு இருக்கறது ஒரே அடியில போனது.

பூட் எதுக்குக் கிழிஞ்சதுன்னா 3 இன்ச் ஸ்பேசர். வெளி ஜாயிண்டுக்குள்ள ஆறு குண்டு, ஒரு கூடு. நேரா இருந்தா நல்லா ஓடும், கோணம் ஏற ஏற பூட் மடிப்பு ஒண்ணோட ஒண்ணு உரசி நாலு மாசத்துல சல்லடை. வண்டி தொங்கும்போது கோணம் இன்னும் மோசம். அதோட ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சன்னா குண்டு காடியோட விளிம்புக்கு வந்துரும்.

டிஃப் காப்பி கலர் ஆனதுக்குக் காரணம் வேற. எப்ப தண்ணில விட்ட?

#7 ஷார்ஜா_மணல்

தண்ணி விஷயம் புரியாதவங்களுக்கு: டிஃப் ஓடி ஓடி சூடா இருக்கும், குளுந்த தண்ணியில இறக்குனதும் உள்ள காத்து சுருங்கும், சுருங்குனா எங்கயாவது இருந்து உறிஞ்சும். ப்ரீதர் குழாய் (காத்து போக வர விடற குழாய்) ஹவுசிங் மேலயே குட்டியா இருந்தா அது வழியா தண்ணி, இல்லன்னா சீல் வழியா. ப்ரீதர்ல ஒரு நீட்டு ஹோஸ் போட்டு போனட்டுக்குள்ள உச்சில கட்டிட்டா முடிஞ்சது, மூணு மீட்டர் ஹோஸ், ரெண்டு கிளிப். லிஃப்டுக்கு அவ்ளோ செலவு பண்றவங்க இதைப் பண்ணவே மாட்டாங்க, ஃபோட்டோல தெரியாதுல்ல.

நாங்க இங்க மணல்ல ஓட்றது, தண்ணி பிரச்சனை இல்ல, ஆனா டயர் காத்த 15 பிஎஸ்ஐக்கு இறக்காம ஒருத்தனும் உள்ள போக மாட்டான். கல்லு மண்ணுலயும் இது பொருந்தும், அவ்ளோ கீழ வேண்டாம், 20, 22. டயர் சப்பையாகி நீளமா பிடிச்சா வழுக்கறதும் குறையும், வண்டி குதிக்கறதும் குறையும். டங்கு டங்குனு வண்டி துள்ளும் பாருங்க, அந்தத் துள்ளல்ல போன ஷாஃப்டுதான் அதிகம். துள்ள ஆரம்பிச்ச அடுத்த நொடி காலை எடுக்கணும். நீங்க எவ்ளோ வெச்சிருந்தீங்க?

#8 தென்னந்தோப்பு_டீசல்

34ங்க. ரோட்டுல போற அதே காத்து. கம்ப்ரெஸர் இல்ல, இறக்குனா திரும்ப அடிக்க பத்து கிலோமீட்டர் போகணும்.

தண்ணி, மூணு வாரம் முன்னாடி ஆழியாறு தண்ணி வர்ற வாய்க்கால்ல ஒரு தரைப்பாலம், வீல் மூழ்கற அளவு, நடுவுல அஞ்சு நிமிஷம் நின்னு ஃபோட்டோ எடுத்தோம்.

#9 போடி_ஜீப்பு

ஃபோட்டோவுக்கு அஞ்சு நிமிசம் 😂 அதான் விலையே.

நான் ஒண்ணு சொல்றேன், யாரும் கோவிச்சுக்கக் கூடாது. சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலைக்கு தெனமும் ஜீப்பு ஏறுது, ரோடுன்னு சொல்ல முடியாது, பாறாங்கல்லு படிக்கட்டு. விடியக்கால சூரிய உதயம் பாக்க ஆளு ஏத்திட்டுப் போறாக. ஒல்லியான டயரு, லிஃப்டு கிடையாது. அந்த டிரைவருக ஓட்றத பக்கத்துல உக்காந்து பாருங்க, கால் ஆக்ஸிலேட்டர்ல இருக்கறதே தெரியாது, எஞ்சின் பொறுபொறுன்னு ஒரே சத்தத்துல ஏறும். வீலு எந்தக் கல்லுல ஏறணும்னு அவுகதான் முடிவு பண்றாக. நம்மாளுக டயரு முடிவு பண்ணட்டும்னு விட்டுட்டு எஞ்சினத் திருகுறோம். எங்க சித்தப்பாவும் அந்தத் தொழில்தான், எனக்கு ஓட்டப் பழக்கும்போது காலுக்கும் பெடலுக்கும் நடுவுல ஒரு தக்காளிய வெச்சுக்கிட்டதா நெனச்சுக்கடான்னு சொல்லுவாரு.

#10 மதுரை_நாலுசக்கரம்

போடி அண்ணே, ஜீப்புக்கு முன்னாடி சாலிட் ஆக்ஸில் (ரெண்டு வீலுக்கும் ஒரே அச்சு), இவரது தனித்தனி சஸ்பென்ஷன், ரெண்டையும் ஒப்பிடக் கூடாது. குரோமோலி ஷாஃப்டுனா இந்தப் பேச்சே வந்திருக்காது. காட்டுக்குள்ள ஒடிஞ்சு நிக்கிறதுக்கு பலமா ஒண்ணு போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்ல?

#11 பட்டறைக்காரன்_58

மதுரை, உங்க வீட்டுல ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு அந்த எடத்துல கெட்டியா செம்புக் கம்பியச் சுத்தி வெப்பீங்களா? கம்பி போகாது, வயரிங் எரியும். இங்க சிவி ஷாஃப்டுதான் ஃபியூஸு. ஒரு மணி நேர வேல, ஜாக்கி, பெரிய ஸ்பேனர், முடிஞ்சது. அத இரும்பாட்டம் பண்ணுனா அடுத்த மெலிஞ்ச எடம் ஸ்டார் பினியன் (டிஃபுக்குள்ள இருக்கற குட்டிப் பல்சக்கரம்), அப்பறம் கிரவுன் பினியன். கிரவுன் செட் பண்ணணும்னா பல்லுல மார்க்கிங் பெயின்ட் தடவி சுத்திவிட்டு தடம் எங்க விழுதுன்னு பாத்து, ஷிம் வெச்சு, டயல் கேஜ்ல பேக்லாஷ் பாத்து, பினியன் பேரிங் இறுக்கம் பாத்து, ஒழுங்கா செய்யறவன் ஒரு நாள் பூரா உக்காருவான். கண் திட்டத்துல போடறவன்கிட்ட குடுத்தா ரெண்டாயிரம் கிலோமீட்டர்ல "ஊ..."ன்னு பாட ஆரம்பிச்சிரும்.

தூரமா போறியா, ஒரு ஒரிஜினல் ஷாஃப்ட ஸ்பேரா டிக்கில போட்டுக்கோ. அவ்ளோதான்.

தென்னந்தோப்பு, அந்த அரிசிக் குருணை ஸ்டார் பினியனோட பல்லு. ஒரு வீல் மட்டும் ரொம்ப நேரம் வேகமா சுத்துனா அந்தக் குட்டி பினியன்தான் அதோட பின் (நடுவுல இருக்கற கம்பி) மேல பைத்தியம் பிடிச்ச மாதிரி சுத்தும், ஆயில் அங்க சரியாப் போகாது. தண்ணி கலந்த ஆயில்னா கேக்கவே வேண்டாம். மறுபடி கேக்கறேன், மெதுவாத்தான் ஏறினியா?

#12 தென்னந்தோப்பு_டீசல்

இல்லீங்கணா.

கூட வந்த பையன் எடுத்த வீடியோ நேத்துதான் அனுப்பினான். நான் நெனச்சது ஒண்ணு, வீடியோல இருக்கறது ஒண்ணு. மொதல்ல ரெண்டு தடவ மெதுவாத்தான் முயற்சி பண்ணேன், ஏறல. மூணாவது தடவ கொஞ்சம் வேகமா வந்து பாதியில நின்னுது, எடது முன் வீல் அந்தரத்துல, ஒரு ஜாண் இருக்கும். கூட இருந்தவங்க "விடு விடு விடு"ன்னு கத்துறாங்க, நான் விட்டேன், 40 செகண்ட் அந்த வீல் காத்துல சுத்துது, கடிகாரம் வெச்சுப் பாத்தேன். அப்பறம் ஸ்டியரிங்க முழுசா எடது பக்கம் ஒடிச்சிட்டே ரிவர்ஸ் போட்டு மறுபடி முன்னாடி. வண்டி சாஞ்சு அந்த வீல் சுத்திட்டே கல்லு மேல எறங்குது, எறங்குன அதே நொடி சத்தம். வீடியோல என் மூஞ்சி தெரியுது, அதுதான் கொடும.

மெதுவா ஏறுனேன்னு நான் பொய் சொல்லலீங்க, அப்படித்தான் ஞாபகம் இருந்துச்சு.

#13 கணக்கு_வாத்தி

முழு ஒடிப்பு, தொங்கற சஸ்பென்ஷன், சுத்தற வீல், பெரிய டயர், பழைய விரிசல். அஞ்சும் ஒரே நொடியில. இதுக்கு மேல நான் கணக்கு போடல 🙏

ரிவர்ஸ் பத்தி ஒண்ணு மட்டும். ரிவர்ஸ்ல போகும்போது பின் கிரவுன் பல்லுல பலம் கம்மியான பக்கத்துலதான் லோடு விழும். சேத்துல மாட்டி ரிவர்ஸ்ல உருமுறவங்க இத நெனப்புல வெச்சுக்கணும். பின் டிஃப் ஆயிலும் வடிச்சுப் பாருங்க.

#14 பட்டறைக்காரன்_58

வீடியோவ ஒத்துக்கிட்ட பாரு, அதுக்காகவே முழுசா எழுதறேன்.

எல்லா ஆயிலையும் இறக்கு. முன் டிஃப், பின் டிஃப், டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்திய முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கற பெட்டி), கியர்பாக்ஸ், நாலும். அந்தத் தரைப்பாலத்துல முன்னாடி மட்டும் குளிச்சிருக்காது. டிஃபுக்கு ஜிஎல்-5 தர கியர் ஆயில், 80டபிள்யூ-90. அதையே மேனுவல் கியர்பாக்ஸ்ல ஊத்தாத, சில பாக்ஸ்ல சின்க்ரோ வளையம் (கியர் சுலபமா விழ உதவறது) பித்தள, ஜிஎல்-5ல இருக்கற சில மருந்து அதத் தின்னும், புக்குல ஜிஎல்-4ன்னு போட்டிருந்தா அதான். முன் டிஃப பிரிச்சு ஸ்டார் பினியன், அது சுத்தற பின், பேரிங் மாத்து. பேரிங் உருளைய வெளிச்சத்துல திருப்பிப் பாரு, அம்மைத் தழும்பு மாதிரி இருந்தா தண்ணி பாத்த பேரிங்.

பின்னாடி ப்ளாக்க எடுத்துரு. ப்ளாக் வெச்சா ஆக்ஸில் முறுக்கிட்டு மூக்கத் தூக்கும், ஜாயிண்ட் கிராஸ் (பின் டிஃபுக்குப் போற நீளத் தண்டோட சிலுவை மூட்டு) கோணம் கெடும். கிராஸ் கப்ப சுத்தி செங்கல் தூள் கலர்ல வந்திருக்கான்னு பாரு, வந்திருந்தா உள்ள ஊசி பேரிங் காஞ்சு துருவாயிருக்கு. உயரம் வேணும்னா சரியான பட்டையே செஞ்சு போடு, ஒன்றரை இன்ச்சுக்கு மேல வேண்டாம்.

கடைசியா, டூ வீல்ல வீட்டுக்கு வந்தேன்ன, சந்தோஷம். தார் ரோட்டுல ஃபோர் வீல் போட்டு ஓட்ற பழக்கம் இருந்தா இன்னியோட விட்டுரு. உன்னதுல நடுவுல டிஃப் கிடையாது, வளைவுல முன் வீல் அதிக தூரம் போகணும், பின் வீல் கம்மி, போக வழியில்லாம முறுக்கிக்கிட்டு டிரான்ஸ்ஃபர் கேஸ் செயின் இழுபடும். லிவர் வெளிய வரலன்னா ரெண்டு மீட்டர் ரிவர்ஸ் எடு, முறுக்கு விடும், வந்துரும்.

#15 மழைக்குருவி_22

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், இன்சூரன்ஸ்ல க்ளெய்ம் பண்ண முடியாதா?

#16 மதுரை_நாலுசக்கரம்

பண்ண முடியாதுங்க. தேய்மானம், மெக்கானிக்கல் பிரேக்டவுன் ரெண்டையுமே சாதாரண பாலிசி விலக்கி வெச்சிருக்கு. இதுல லிஃப்டும் டயரும் வேற. மோட்டார் வாகன சட்டம் 52ஆம் பிரிவு, அதோட 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனி குடுத்த ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுன்னு சொல்லிருச்சு. க்ளெய்முக்கு சர்வேயர் வந்து டயரப் பாத்தா அவரு கேக்கற மொதக் கேள்வி வேற மாதிரி இருக்கும்.

குரோமோலி பத்தி நான் சொன்னத வாபஸ் வாங்கல, ஆனா தென்னந்தோப்புக்கு இப்ப அது வேண்டாம்.

#17 தென்னந்தோப்பு_டீசல்

ஏழு வாரம் கழிச்சு வர்றேன். வேல முடிஞ்சுதுங்க.

ஒரிஜினல் ஷாஃப்ட் ஒண்ணு, வலது பக்கத்துக்கு பூட் மட்டும் புதுசு. முன் டிஃப பிரிச்சதுல ஸ்டார் பினியன் ரெண்டுலயும் பல்லு போயிருந்துச்சு, அது சுத்தற பின் கம்பி நீலம் பாஞ்சு ஒரு பக்கம் தேஞ்சு பள்ளம், நெகம் வெச்சா தட்டுது. பேரிங்ல பட்டறை அண்ணன் சொன்ன அம்மைத் தழும்பு அப்படியே. கிரவுன் பினியன் தப்பிச்சுது, தடம் நல்லாத்தான் விழுந்துச்சுன்னு கோயமுத்தூர்ல ஒரு பெரியவரு மஞ்ச பெயின்ட் தடவி எனக்கே காட்டினாரு. டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் சுத்தம். பின் டிஃப் லேசா காப்பி. ஜாயிண்ட் கிராஸ் ஒண்ணுல செங்கல் தூள். மொத்தம் 91 ஆயிரம், அந்தப் பூட் வெடிச்சப்பவே மாத்தியிருந்தா ரெண்டாயிரத்துல முடிஞ்சிருக்கும். வீட்டுல இந்தக் கணக்க இன்னும் முழுசா சொல்லல.

ஸ்பேசரக் கழட்டிட்டு முன்னாடி ஒன்றரை இன்ச்சுக்கு ஸ்பிரிங், பின்னாடி ப்ளாக்குக்கு பதிலா பட்டை. டயர் 265/70ஆர்16. ப்ரீதர் ஹோஸ் நாலும் போனட்டுக்குள்ள. ஒரு சின்ன கம்ப்ரெஸர்.

போன வாரம் அதே ஓடைக்குப் போனேன், தனியா இல்ல, அதே பசங்க. 20 பிஎஸ்ஐ. இறங்கி நடந்து பாத்துட்டு, ரெண்டு கல்ல எடுத்து பள்ளத்துல போட்டுட்டு, ஸ்டியரிங்க நேரா வெச்சு ஃபோர் லோ மொதல் கியர்ல விட்டேன். வீல் ஒண்ணு தூக்குச்சு, காலை எடுத்துட்டேன். "விடு விடு"ன்னு அதே கூட்டம் கத்துச்சு. ஒரு அடி பின்னாடி வந்து வேற கல்லு மேல ஏத்துனேன், ஏறிருச்சு. வீடியோ எடுத்தவன் போரடிக்குதுன்னு பாதியிலயே நிறுத்திட்டான்.

#18 போடி_ஜீப்பு

தக்காளி நசுங்குச்சா?

#19 தென்னந்தோப்பு_டீசல்

லேசா 😄

#20 புதுப்பிக்கப்_ராசா

அண்ணா வணக்கம், இழைய முழுசா படிக்கல, அந்த 285 மட் டயர் நாலும் விக்கிறதுக்கு இருக்கா? போன மாசம்தான் வண்டி எடுத்தேன், 3 இன்ச் லிஃப்டுக்கு ஆர்டர் குடுத்திருக்கேன்.

#21 தென்னந்தோப்பு_டீசல்

இருக்குங்க தம்பி. மொதல்ல முழுசா படிச்சுட்டு வாங்க, அப்பறம் விலை பேசலாம்.